கம்பிக் கடைக்கு ஓர் ஆட்-ஆன்: 24,000 ரூபாய் அதிகமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் கம்பி, சிமெண்ட் கடை வைத்திருக்கிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போடுகிறோம். கம்பியை எண்ணிக்கையில் பதிந்தால் கிலோவில் பில் வரும்படி அதோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு சிறு கூடுதல் மென்பொருள், அதாவது ஓர் ஆட்-ஆன், எழுதித் தரச் சொல்லிப் புதுச்சேரியில் ஒரு தம்பியிடம் கேட்டேன். 24,000 ரூபாய், பிறகு ஆண்டுக்கு 5,000 என்கிறார். இணையத்தில் இதே மாதிரி ஒன்று 3,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இது நியாயமா அம்மா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஐயா, புதுச்சேரி முதலியார்பேட்டையில் பல ஆண்டுகள் இப்படி ஆட்-ஆன் எழுதும் தொழிலைச் செய்தவள் நான். அந்தத் தம்பி கேட்ட தொகை எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

கிலோ கணக்கு ஒரே வரிதான். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் சுமார் 10.67 கிலோ. ஆனால் எடைமேடையில் ஏற்றினால் கொஞ்சம் கூடும் அல்லது குறையும். பில் எந்த எடைக்கு? வெட்டியது போக மிஞ்சிய துண்டைக் கொத்தனார் திருப்பிக் கொண்டுவந்தால் இருப்பில் எப்படி ஏறும்? லோடு பாகூரில் இறங்கினால் அது புதுச்சேரி, வெளி மாநில விற்பனைக்கான ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். கொஞ்ச தூரம் தள்ளிக் கடலூர் மாவட்டத்துக்குள் இறங்கினால் மாநிலத்துக்குள் விற்பனைக்கான சி.ஜி.எஸ்.டி.யும் எஸ்.ஜி.எஸ்.டி.யும். இதையெல்லாம் உங்கள் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, பழைய பில்களைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். காசு போவது அங்கேதான். திரையில் தெரியாத உழைப்பு என்பதற்காக அதை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

3,000 ரூபாய் ஆட்-ஆனை எழுதியவர் பல கடைகளுக்கு விற்கிறார்; செலவு அத்தனை பேர் தலையிலும் பிரிகிறது. உங்கள் கடை வழக்கத்துக்கு அது ஒத்துவந்தால் தயங்காமல் அதையே வாங்குங்கள். ஒத்துவராவிட்டால் தம்பியிடம் இப்படிப் பேசிப் பாருங்கள்: "மற்ற கம்பிக் கடைகளுக்கும் இதை விற்றுக்கொள், எனக்கு விலையைக் குறை." 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உங்களிடம் சம்பளத்துக்கு இல்லாத ஒருவர் எழுதிய நிரலுக்கு (புரோகிராமுக்கு) அவரே முதல் உரிமையாளர். அவர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால்தான் உரிமை உங்களுக்கு வரும். பணம் கொடுத்ததாலேயே நிரல் நம்முடையது என்று நம் வியாபாரிகள் பலர் நினைக்கிறார்கள். பாதிச் சண்டை அதில்தான் தொடங்குகிறது. எதிர்க் கடைக்காரருக்கு இது போகவே கூடாது என்றால், அதற்குத் தனி விலை கேட்பதும் அவர் உரிமை.

ஆண்டுக்கு 5,000 எதற்கு என்பதை எழுதி வாங்குங்கள். அரசுத் தளத்தில் பில்லைப் பதியும் மின்-விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) முறை 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் வந்தது. 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்ட் வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. இப்படிச் சட்டம் மாறும்போதும் டேலியின் புதிய பதிப்பு வரும்போதும் ஆட்-ஆனைச் சரிசெய்து தருவதற்கு அந்தத் தொகை என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். அவர் நிரலிலேயே இருக்கும் பிழையைத் திருத்தப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆண்டுத் தொகை கட்டாவிட்டால் பழைய பில்களைத் திறக்க முடியாது என்றால், அந்த ஆளே வேண்டாம்.

24,000க்குள் ஜி.எஸ்.டி. அடங்குமா என்றும் கேளுங்கள். 18 விழுக்காடு தனி என்றால் இன்னும் 4,320 சேரும். முறையான பில் வாங்கினால் அதை உள்ளீட்டு வரியாக, நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். அவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்யாதவர் என்றால் வரி என்ற பெயரில் எதுவும் வாங்கக் கூடாது.

கேள்வி: கல்லூரி இறுதியாண்டு படிக்கிறேன். தெரிந்தவர் கடைக்கு முதல் ஆட்-ஆன் எழுதுகிறேன். பழக்கம் வேண்டும் என்று இலவசமாகக் கொடுத்துவிடலாமா அக்கா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: வேண்டாம் அம்மா. இலவசமாகக் கொடுத்ததற்கு அடுத்த ஆண்டு பராமரிப்புத் தொகை கேட்க உனக்கே வாய் வராது. எத்தனை மணி நேரம் ஆகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வை. கடைக்காரரிடம் கேள்வி கேட்ட நேரத்தையும் சேர்த்துக்கொள். அந்தக் கணக்கைக் காட்டி விலையைச் சொல். பாதியை முன்பணமாக வாங்கு. மீதியை, அந்தக் கடை ஒரு மாத ஜி.எஸ்.டி. கணக்கைப் பிழையில்லாமல் தாக்கல் செய்த பிறகு வாங்கிக்கொள்.