ஸ்கிப் வாடகைக்கு மென்பொருள்: டெமோவில் காட்டாததைக் கேளுங்கள்

கேள்வி: மேற்கு லண்டனில் ஹேய்ஸ் பகுதியில் ஸ்கிப், அதாவது குப்பை போடும் பெரிய இரும்புத் தொட்டி, வாடகைக்கு விடும் தொழில் நடத்துகிறேன். மூன்று லாரிகள், 4 யார்டு முதல் 12 யார்டு வரை (கன யார்டு கொள்ளளவு) சுமார் 140 ஸ்கிப்புகள். சொந்தக் கழிவு நிலையம் கிடையாது. மற்றவர்களுடைய நிலையங்களில்தான் கொட்டுகிறோம். என் மனைவி வெள்ளைப் பலகையையும் எக்செல்லையும் வைத்து அலுவலகத்தைச் சமாளிக்கிறார். இரண்டு நிறுவனங்கள் மென்பொருள் டெமோ காட்டின. ஒன்று கழிவுத் தொழிலுக்கென்றே செய்தது. லாரிக்கு மாதம் 75 பவுண்டு, மூன்றாண்டு ஒப்பந்தம். மற்றது கருவிகளும் சாரங்களும் வாடகைக்கு விடுபவர்கள் பயன்படுத்துவது. எல்லாம் சேர்த்து மாதம் 40 பவுண்டு. எதை எடுப்பது? ஒவ்வொரு ஸ்கிப்பிலும் ஜி.பி.எஸ். பொருத்தச் சொல்கிறார்களே, அது தேவையா?

பதில்: முதலில் கணக்கு. மூன்று லாரிக்கு மாதம் 225 பவுண்டு, எதிரே 40. வித்தியாசம் 185, மூன்றாண்டில் 6,660 பவுண்டு. சின்னத் தொகை இல்லை. ஆனாலும் விலை கூடியதை எடுங்கள் என்றுதான் சொல்வேன். அந்த மூன்றாண்டு ஒப்பந்தத்தை மட்டும் அப்படியே ஏற்காதீர்கள்.

காரணம் இதுதான். டிரில் வாடகைக்குப் போனால் போனபடியே திரும்பி வரும். துடைத்து அடுக்கினால் வேலை முடிந்தது. ஸ்கிப் திரும்பும்போது உள்ளே இன்னொருவருடைய குப்பையும் வருகிறது. அதை ஏற்றிச் செல்லப் பதிவு வேண்டும், அது என்ன குப்பை என்று எழுத்தில் இருக்க வேண்டும், கொட்டுவதற்கு டன் கணக்கில் பணம் கட்ட வேண்டும். பொது வாடகை மென்பொருளுக்குப் பொருள் திரும்பியதும் கதை முடிந்துவிடுகிறது. உங்களுக்கோ பெரிய செலவே அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

உதாரணத்துக்கு, 8 யார்டு ஸ்கிப் ஒன்றை 300 பவுண்டுக்குக் கொடுக்கிறீர்கள், கொட்டும் கட்டணம் டன்னுக்கு 110 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். எடைமேடையில் 1.2 டன் வந்தால் 132 பவுண்டு போகும். மேலே மரத்துண்டும் அட்டைப்பெட்டியும் தெரிய, அடியில் ஈரமண் கிடந்து 2.6 டன் வந்தால் 286 போகும். மிச்சம் 14 பவுண்டில் டீசலா போடுவீர்கள், ஓட்டுநருக்குச் சம்பளமா கொடுப்பீர்கள்? ஒரே விலைக்குப் போன இரண்டு ஸ்கிப்புகளுக்கு இடையே 154 பவுண்டு வித்தியாசம். நல்ல மென்பொருள் எடைச்சீட்டை அந்த வேலையோடும் அந்த வாடிக்கையாளரோடும் கோத்துவிடும். எந்தக் கட்டுமானக்காரர் தொடர்ந்து மண்ணை ஒளித்து அனுப்புகிறார் என்பது இரண்டு மாதத்தில் பெயரோடு தெரிந்துவிடும். அப்படி மாதத்துக்கு இரண்டு ஸ்கிப்புகளைப் பிடித்து விலையைத் திருத்தினாலே 185 பவுண்டு கைக்கு வந்துவிடும்.

ஆனால் கழிவுத் தொழிலுக்கென்று விற்பதெல்லாம் இதை ஒழுங்காகச் செய்வதில்லை. டெமோவில் வரும் வாடிக்கையாளர் தங்கமானவர். 6 யார்டு ஸ்கிப் கேட்பார், முன்பணம் கட்டுவார், சொன்ன நாளில் எடுத்துப்போகச் சொல்வார். அங்கே மழைகூடப் பெய்வதில்லை. அடுத்த முறை விற்பனையாளர் வரும்போது கீபோர்டை உங்கள் மனைவியிடம் கொடுக்கச் சொல்லி, இந்த ஒரு வேலையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமை சவுத்ஹாலில் ஒரு வீட்டுக்கு 47ஆம் எண் ஸ்கிப் போகிறது. வியாழக்கிழமை "நிரம்பிவிட்டது, மாற்றித் தாருங்கள்" என்று போன் வருகிறது. ஓட்டுநர் போனால் வாசலை மறித்து யாரோ காரை நிறுத்தியிருக்கிறார்கள், வீண் நடை. வெள்ளிக்கிழமை மறுபடி போய் 112ஐ இறக்கிவிட்டு 47ஐத் தூக்குகிறார். கொட்டுமிடத்தில் அடியிலிருந்து ஒரு சோபா வெளிப்படுகிறது. "சோபா என்னுடையது இல்லை, இரவில் யாரோ போட்டிருக்கிறார்கள்" என்கிறார் வீட்டுக்காரர்.

இப்போது திரையைப் பாருங்கள். மாற்று என்பது ஒரே நடையில் இரண்டு ஸ்கிப்புகள் இடம் மாறும் வேலை. 47இன் வாடகைக் காலம் முடிந்து 112இன் காலம் தானாகத் தொடங்குகிறதா? அல்லது ஒரு விநியோகம், ஒரு எடுப்பு என்று இரண்டு தனி வேலைகளாகப் போடச் சொல்கிறதா? இரண்டாகப் போடச் சொன்னால் ஓட்டுநருடைய நாள் அட்டவணையே பொய்யாகிவிடும். வேலை மும்முரத்தில் ஒன்றைப் போட மறந்தால் 47 எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். வீண் நடைக்குக் கட்டணம் சேர்க்க முடிகிறதா? சோபாவுக்குத் தனித் தொகை, அதற்கான புகைப்படத்தோடு, அதே பில்லில் ஏறுகிறதா? சோபா சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். மெத்தை வைத்துத் தைத்த பழைய வீட்டு இருக்கைகளில் உள்ள தீத்தடுப்பு ரசாயனத்தால் 2023 ஜனவரி முதல் இங்கிலாந்தில் அவற்றை நிலநிரப்பில், அதாவது குப்பையைப் புதைக்கும் இடத்தில், போட முடியாது, எரிக்கத்தான் வேண்டும். மற்ற குப்பையோடு கலந்துவிட்டால் அந்தச் சுமை முழுவதையுமே அப்படி நடத்த வேண்டியிருக்கும்.

"அது அடுத்த பதிப்பில் வருகிறது" என்று விற்பனையாளர் சொன்னால், இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கழிவு மாற்றுச் சீட்டு, அதாவது என்ன கழிவு யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று எழுதும் சீட்டு. சீட்டை இரண்டாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மென்பொருள் அதைத் தானாக நிரப்பும் என்று பெருமையாகக் காட்டுவார்கள். எதை வைத்து நிரப்புகிறது என்று கேளுங்கள். சிலவற்றில் ஆறு இலக்கக் கழிவுக் குறியீடு எல்லா வேலைக்கும் கலப்பு வீட்டுக் குப்பையான 20 03 01 என்றே விழுந்துகொண்டிருக்கும். செங்கல், கான்கிரீட், ஓடு கலந்தது 17 01 07. மண்ணும் கல்லும் 17 05 04. ஜிப்சம் பலகை 17 08 02. குறியீடு தவறினால் சட்டச் சிக்கலோடு பணமும் போகும். 2025 ஏப்ரலில் நிலநிரப்பு வரி சாதாரணக் கழிவுக்கு டன்னுக்கு 126.15 பவுண்டு, மண், கல் போன்றவற்றுக்கு 4.05 பவுண்டு என்று இருந்தது. இந்தப் பள்ளத்தாக்கின் எந்தக் கரையில் உங்கள் சுமை விழுகிறது என்பதில் கொட்டுமிடத்துக்காரர் கண்ணும் கருத்துமாக இருப்பார்.

கூடவே, காகிதச் சீட்டுக்குப் பதிலாக அரசின் மின்னணுக் கழிவுத் தடமறிதல் முறை வருகிறது. இங்கிலாந்தில் கழிவை வாங்கும் நிலையங்களுக்கு 2026 அக்டோபர், உங்களைப் போன்ற ஏற்றிச் செல்பவர்களுக்கு 2027 அக்டோபர் என்று அறிவித்திருக்கிறார்கள். நிலையங்களைவிட நமக்கு ஓராண்டு கூடுதல் அவகாசம் இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். நிலையங்கள் பதிவு செய்ய வேண்டிய விவரங்களில் பல உங்கள் ஓட்டுநர் கொண்டுவருபவை. வாசலில் அவரிடம்தான் கேட்பார்கள். அந்த அரசு முறையோடு மென்பொருள் நேரடியாக இணையுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்ற இரண்டுக்கும் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது.

தெருவில் வைக்கும் ஸ்கிப்புக்குக் கவுன்சில் பெர்மிட் இருக்கிறது. வாடகை முடியும் நாள் ஒன்று, பெர்மிட் முடியும் நாள் வேறொன்று. இரண்டையும் தனித்தனியாகக் கணக்கு வைத்து, காலையில் திறந்ததும் இன்று எந்தெந்த ஸ்கிப்புக்கு நாள் முடிகிறது என்று காட்டாத மென்பொருள் வெள்ளைப் பலகையைவிட மேலானது இல்லை. 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 139ஆவது பிரிவு, அனுமதி, இரவு விளக்கு, ஸ்கிப்பில் பெயரும் முகவரியோ தொலைபேசி எண்ணோ எழுதியிருப்பது எல்லாவற்றுக்கும் ஸ்கிப்பின் உரிமையாளரைத்தான் பிடிக்கிறது. அதே பிரிவு, ஒரு மாதமோ அதற்கு மேலோ வாடகைக்கு என்று ஒப்பந்தம் போட்டால் வாடகைக்கு எடுத்தவரையே உரிமையாளர் என்கிறது. ஆகவே ஒப்பந்தக் காலம் எத்தனை நாள் என்பது மென்பொருளில் தெளிவாகப் பதிவாக வேண்டும்.

ஓட்டுநருடைய போனில் ஓடும் செயலியை நீங்கள் சோதிக்காதீர்கள். ஓட்டுநரிடம் ஒரு நாள் கொடுத்துவிடுங்கள். கையுறையோடு பொத்தானை அழுத்த முடிகிறதா, சிக்னல் இல்லாத இடத்தில் எடுத்த படமும் கையெழுத்தும் பிறகு தானாகப் போய்ச் சேர்கிறதா என்பதை அவரே சொல்லட்டும். இறக்கும்போதும் தூக்கும்போதும் நேரத்தோடு ஒரு படம் கட்டாயம். "உங்கள் லாரிதான் என் வாசல் தளத்தை உடைத்தது" என்ற சண்டைகள் பெரும்பாலும் அந்தப் படத்தோடு அடங்கிவிடும். மூன்று ஓட்டுநர்களில் மூத்தவருக்குப் பிடிக்காத செயலி உங்கள் கம்பெனியில் ஓடாது என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

சீரோவோ சேஜோ குவிக்புக்ஸோ, நீங்கள் வாட் வரிக் கணக்குக்கு வைத்திருக்கும் கணக்கு மென்பொருளோடு இது இணைய வேண்டும். பணம் வந்துவிட்ட செய்தி கணக்கிலிருந்து திரும்பி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். திரும்பி வராவிட்டால், பாக்கி வைத்திருக்கும் கட்டுமானக்காரருக்கே நான்காவது ஸ்கிப்பை அனுப்பிக்கொண்டிருப்பீர்கள்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, 12 மாதம் என்று கேளுங்கள். மறுத்தால் முதல் மூன்று மாதத்துக்குள் விலகும் உரிமையாவது வேண்டும் என்று நில்லுங்கள். தானாகப் புதுப்பிக்கும் விதியை அடித்துவிடச் சொல்லுங்கள். நிறுவல், பயிற்சி, வாடிக்கையாளருக்குப் போகும் குறுஞ்செய்தி ஆகியவற்றின் கட்டணங்கள் அந்த 75 பவுண்டுக்குள் அடங்குமா என்று கேட்டால் பேச்சு கொஞ்சம் தடுமாறும். விலகும் நாளில் வாடிக்கையாளர், வேலை, கழிவுச் சீட்டு மூன்றையும் எக்செல்லில் திறக்கக்கூடிய கோப்பாகத் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். சீட்டுகளைக் காட்ட வேண்டிய பொறுப்பு மென்பொருள் மாறினாலும் உங்களுடையதுதான்.

மாறுவதற்கு ஜனவரி போன்ற மந்தமான மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் 140 ஸ்கிப்புக்கும் இரண்டு பக்கமும் பெரிதாக எண் எழுதி, ஓட்டுநர்களை விட்டு எங்கெங்கே எது இருக்கிறது என்று ஒரு முறை எண்ணிவிடுங்கள். எண்ணிக்கை 140க்குக் குறைவாக வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஜி.பி.எஸ். உங்கள் அளவுக்குத் தேவையில்லை. ஸ்கிப் தானாக நகராது, லாரிதான் நகர்த்துகிறது. ஓட்டுநர் இறக்கிவிட்டு எண்ணை அழுத்தும் நொடியில் போனே இடத்தைக் குறித்துக்கொள்ளும். 40 யார்டு ரோரோ கன்டெய்னர்கள் (லாரியில் உருட்டி ஏற்றி இறக்கும் பெரிய தொட்டிகள்) வாங்கி மாதக்கணக்கில் கட்டுமானத் தளங்களில் விட ஆரம்பித்தால், அவற்றுக்கு மட்டும் அப்போது யோசிக்கலாம்.