கையேட்டில் இருக்கும் கரையிறக்கம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா?

கேள்வி: நானும் என் கணவரும் அண்டார்க்டிகா தீபகற்பத்துக்குச் சிறிய கப்பலில் செல்ல விரும்புகிறோம். அர்ஜென்டினாவின் உசுவாயா துறைமுகத்தில் ஏறி அங்கேயே வந்து இறங்கும் பயணத்துக்கு இரண்டு நிறுவனங்களிடம் கட்டணம் கேட்டிருக்கிறோம். ஒரு கப்பலில் 96 பயணிகள். மற்றொன்றில் 190 பயணிகள், கட்டணமும் குறைவு. இரண்டு கையேடுகளும் ‘தினமும் இருமுறை கரையிறக்கம்’ என்கின்றன. நிபந்தனைகளிலோ, வழித்தடத்தையும் கப்பலையும் நிறுவனம் மாற்றலாம், கட்டணம் திருப்பித் தரப்படாது என்று இருக்கிறது. என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டுள்ளது. நாங்கள் எந்தக் கப்பலைத் தேர்ந்தெடுப்பது? கரையிறங்க முடியாமல் போனால் இழப்பீடு கேட்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது. காற்றாலோ, பனிக்கட்டியாலோ, கடல் கொந்தளிப்பாலோ கரையிறக்கம் கைவிடப்பட்டால் இழப்பீடு பெறுவது மிகவும் கடினம். நிறுவனம் தந்திரமாக எழுதிவைத்த நிபந்தனை மட்டுமே இதற்குக் காரணமில்லை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கும் தேவையென்று கப்பல் தலைவர் கருதும் முடிவை உரிமையாளரோ, கப்பலை வாடகைக்கு எடுத்தவரோ, வேறு எவருமோ தடுக்கக் கூடாது என்று சோலாஸ் எனப்படும் சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தமே விதித்திருக்கிறது. கையேட்டின் வாக்குறுதியைக் காப்பாற்றுவதற்காக ஆபத்தான நீரில் ரப்பர் படகை இறக்கும் தலைவரைச் சட்டமும் விரும்பாது, நீங்களும் விரும்ப மாட்டீர்கள்.

ஆனால் இயற்கையால் வந்த மாற்றம் வேறு. நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்த காரணத்தால் வந்த மாற்றம் வேறு. பராமரிப்பில்லாத இயந்திரம் பழுதாகிக் கப்பல் மூன்று நாள் தாமதமாகப் புறப்படுவதும், நீங்கள் பணம் கட்டிய கப்பலுக்குப் பதிலாக இரண்டு மடங்கு பயணிகளை ஏற்றும் கப்பல் வந்து நிற்பதும் பனிக்கட்டியின் குற்றமல்ல. ‘எதையும் மாற்றலாம்’ என்ற பொதுவான ஷரத்து இத்தகைய மாற்றங்களுக்கும் பொருந்தும் என்று நிறுவனம் வாதிடும். எனினும் பொருள் தெளிவில்லாத ஷரத்தை அதை எழுதியவருக்கு எதிராகவே படிக்க வேண்டும் என்ற கோட்பாடு பல நாடுகளின் சட்டத்தில் இருக்கிறது. உங்கள் ஒப்பந்தம் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ஆம் ஆண்டு தொகுப்புப் பயண நெறிமுறைக்குள் வந்தால் உங்கள் நிலை இன்னும் வலுவாகும்: பயணத்தின் முக்கிய அம்சம் புறப்பாட்டுக்கு முன் கணிசமாக மாற்றப்பட்டாலோ, கட்டணம் 8 சதவீதத்துக்கு மேல் உயர்த்தப்பட்டாலோ, ரத்துக் கட்டணமின்றி விலக உங்களுக்கு உரிமை உண்டு. விற்கும் நிறுவனம் திவாலானால் பணம் திரும்பக் கிடைப்பதற்கான பாதுகாப்பையும் அந்த நெறிமுறை கட்டாயமாக்குகிறது. ஆகவே விற்பவர் எந்த நாட்டில் பதிவு செய்தவர், ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற இரண்டையும் கேபின் படங்களைப் பார்ப்பதற்கு முன்பே பாருங்கள்.

இனி பயணிகளின் எண்ணிக்கை. உங்கள் தேர்வில் மிகுந்த எடை இதற்கே தர வேண்டும் என்று நான் கருதுகிறேன். 1991-இல் தொடங்கப்பட்ட அண்டார்க்டிகா சுற்றுலா நடத்துநர்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டோவின் விதிப்படி, ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு கப்பல்தான் அங்கே நிற்கலாம். 20 பயணிகளுக்கு ஒரு வழிகாட்டியாவது இருக்க வேண்டும். 500 பயணிகளுக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் எவரையும் கரையிறக்கவே கூடாது. அண்டார்க்டிகா ஒப்பந்த நாடுகளின் கூட்டமும் 2009-இல் இதே வரம்புகளை ஏற்றது. 96 பேர் கொண்ட கப்பலில் எல்லோரும் ஒன்றாக இறங்கலாம். 190 பேர் கொண்ட கப்பலில் பாதிப்பேர் கரையில் இருக்கும்போது மீதிப்பேர் படகில் சுற்றிக்கொண்டோ, கப்பலில் காத்துக்கொண்டோ இருக்க வேண்டும். அப்படியானால் ‘தினமும் இருமுறை கரையிறக்கம்’ என்ற அதே வாசகம் இரண்டு கப்பல்களிலும் ஒரே பொருளைத் தர முடியாது. பெரிய கப்பலின் நிறுவனத்திடம், ஒவ்வொரு பயணிக்கும் ஒரு நிறுத்தத்தில் கரையில் எவ்வளவு நேரம் திட்டமிடப்பட்டிருக்கிறது, ரப்பர் படகில் சுற்றிவருவதையும் கரையிறக்கமாகக் கணக்கிடுகிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். நேர்மையான நிறுவனம் இதற்குத் தயங்காமல் பதில் தரும். ஐயாட்டோ உறுப்பினராவது கட்டாயமல்ல என்பதால், உறுப்பினர்தானா என்று கேட்பதோடு, பயணத்துக்கு எந்த ஒப்பந்த நாடு அனுமதி வழங்கியிருக்கிறது என்பதையும் கேளுங்கள்.

கப்பலைப் பற்றிக் கையேடுகள் ‘பனிக்கு ஏற்ப வலுவூட்டப்பட்டது’ என்று பொதுவாகச் சொல்லிவிடும். அது போதாது. 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள, துருவக் கடல்களில் செல்லும் கப்பல்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பான போலார் கோட் விதிகளின்படி கப்பலுக்குத் துருவக் கப்பல் சான்றிதழ் வேண்டும். அதில் ஏ, பி, சி என்ற பிரிவுகளில் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். ஏ பிரிவு நடுத்தரத் தடிமனுள்ள ஓராண்டுப் பனியிலும் (ஒரே குளிர்காலத்தில் உறைந்த கடற்பனி), பி பிரிவு மெல்லிய ஓராண்டுப் பனியிலும் செல்ல வடிவமைக்கப்பட்டது. சி பிரிவு திறந்த நீருக்கும் அதைவிட லேசான பனிநிலைக்கும் உரியது. கோடையில் தீபகற்பத்தின் மேற்குக் கரைக்கு சி பிரிவுக் கப்பல் செல்வதில் விதிமீறல் இல்லை. ஆனால் அத்தகைய கப்பலை வைத்துக்கொண்டு தீபகற்பத்துக்குக் கிழக்கே பனி மிகுந்த வெடெல் கடலின் உட்பகுதியை விளம்பரம் செய்தால் காரணம் கேட்க வேண்டும். 2007 நவம்பரில் எக்ஸ்ப்ளோரர் என்ற கப்பல் தெற்கு ஷெட்லாந்து தீவுகளுக்கு அருகே பனியில் மோதி மூழ்கியது. அதுவும் வலுவூட்டப்பட்ட கப்பல்தான். அதிலிருந்த 154 பேரும் உயிர்தப்பியதற்கு, உதவிக்கு வேறொரு பயணிகள் கப்பல் எட்டும் தொலைவில் இருந்தது முக்கியக் காரணம். மீட்பு வந்துசேரக் குறைந்தது 5 நாள் ஆகலாம் என்று வைத்தே உயிர்காப்புச் சாதனங்கள் அமைய வேண்டும் என்று போலார் கோட் இன்று கோருகிறது.

விபத்து நேர்ந்து காயம் ஏற்பட்டால் என்ன? கடல்வழிப் பயணிகளுக்கு ஏற்றிச்செல்பவரின் பொறுப்பை வரையறுக்கும் சர்வதேச உடன்படிக்கையான ஏதென்ஸ் ஒப்பந்தம், 2002-ஆம் ஆண்டு நெறிமுறையோடு சேர்ந்து பொருந்துமானால், கப்பல் மூழ்குதல், மோதல், தரைதட்டல், தீ, கப்பலின் குறைபாடு போன்றவற்றால் வரும் காயத்துக்கு, சில விதிவிலக்குகள் தவிர, தவறை நிரூபிக்காமலேயே எஸ்.டி.ஆர். எனும் சர்வதேசக் கணக்கு அலகில் 2,50,000 வரை ஒரு பயணி கோரலாம். தன் தவறில்லை என்று நிறுவனம் நிரூபிக்காவிட்டால் வரம்பு 4,00,000. படியில் வழுக்கி விழுவது போன்ற சம்பவங்களில் கவனக்குறைவை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. கயாக், கூடாரத் தங்கல் ஆகியவற்றுக்கு முன் கையெழுத்து வாங்கும் பொறுப்புத்துறப்புப் படிவம் இந்த வரம்பைக் குறைக்க முயன்றால், அந்த அளவுக்கு அது செல்லாது. வழக்குத் தொடர்வதற்கான காலவரம்பு பொதுவாக 2 ஆண்டுகள்.

இங்கேதான் உங்கள் பயணத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. புறப்படும் இடமும் வந்து சேரும் இடமும் ஒரே நாட்டில் இருந்தால், இடையில் வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் நிற்பதாகத் திட்டம் இருக்கும்போதுதான் இந்த ஒப்பந்தம் அதைச் சர்வதேசப் பயணமாகக் கருதும். உசுவாயாவிலிருந்து அண்டார்க்டிகா சென்று உசுவாயாவுக்கே திரும்பும் பயணத்தில் அப்படியொரு துறைமுகம் இல்லை என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் வாதிடலாம். ஃபாக்லாந்து தீவுகளில் நிற்கும் பயணத்தில் நிலைமை மாறக்கூடும். எனவே ‘ஏதென்ஸ் ஒப்பந்தத்தின் 2002 நெறிமுறை இந்தப் பயணத்துக்குப் பொருந்தும்’ என்ற வாசகம் உங்கள் பயண ஒப்பந்தத்திலேயே இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். கையேட்டில் பெயருள்ள நிறுவனம், கப்பலை வாடகைக்கு எடுத்த நிறுவனம், உரிமையாளர் ஆகிய மூவரும் வெவ்வேறு நாடுகளில் இருப்பது இத்துறையில் சாதாரணம். ஒப்பந்தத்தில் உங்களை ஏற்றிச்செல்லும் பொறுப்பு யாருடையது, எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டும் என்பவற்றை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

உங்கள் கணவரின் உடல்நிலையைப் பற்றி மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன்: கப்பல் நிறுவனத்தின் மருத்துவப் படிவத்திலும் காப்பீட்டு விண்ணப்பத்திலும் ஸ்டென்ட் பற்றி ஒரே விதமாக, முழுமையாக எழுதுங்கள். படிவத்தில் எழுதினால் பயணத்தை மறுத்துவிடுவார்களோ என்று மறைப்பவர்கள் உண்டு. அவசர நேரத்தில் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்க அதுவே காரணமாகிவிடும். தீபகற்பத்திலிருந்து நோயாளியைக் கொண்டுசெல்ல, கிங் ஜார்ஜ் தீவின் விமானத் தளத்துக்குக் கப்பல் போய்ச்சேர்ந்து, வானிலை இடம் கொடுத்தால், சிலியின் புந்தா அரேனாஸுக்கு விமானம் பறக்கும். வானிலைக்காக நாட்கணக்கில் காத்திருக்க நேரலாம். அண்டார்க்டிகாவின் பெயர் குறிப்பிட்டு அவசர வெளியேற்றச் செலவை ஏற்கும் பாலிசியையே வாங்குங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கும் அது பொருந்தும் என்ற உறுதியை எழுத்தில் பெறுங்கள்.

எழுத்துபூர்வமான பதில்கள் சமமாக இருந்தால், கட்டணம் கூடுதலாக இருந்தாலும் 96 பேர் கப்பலையே நான் பரிந்துரைப்பேன். அந்த நிறுவனம் கப்பலை மாற்றும் உரிமையைத் தளர்த்த மறுத்தால் என் பரிந்துரையும் மாறும். ஏனெனில் நீங்கள் கூடுதலாகக் கொடுப்பதே அந்தச் சிறிய எண்ணிக்கைக்காகத்தான். ‘கப்பல் மாற்றப்பட்டு, பயணிகள் எண்ணிக்கை 100-ஐத் தாண்டினால், முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெற்று விலகலாம்’ என்ற ஒற்றை வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கக் கேளுங்கள். அது கிடைத்து, கணவரின் இதய மருத்துவர் இசைவு தந்து, பாலிசியும் கைக்கு வந்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.