பட்டாம்பூச்சி, தேனீ வர்ற தோட்டத்துக்கு என்ன வாங்கலாம், யார்ட்ட கேக்கலாம்?

கேள்வி (பாளையங்கோட்டை, ஒரு டீச்சர்): அண்ணாச்சி, வீட்டுப் புறவாசல்ல ரெண்டு சென்ட் இடம் சும்மா கெடக்கு. பட்டாம்பூச்சியும் தேனீயும் வர்ற மாதிரி தோட்டம் போடணும்னு ஆசை. ஆன்லைன்ல 'பட்டாம்பூச்சி தோட்ட விதைக் கலவை'ன்னு ஒரு பாக்கெட் விக்காங்க, படத்துல பாக்க அம்புட்டு அழகா இருக்கு. வாங்கலாமா? இதைப்பத்தி விவரமா சொல்லித்தர நம்ம பக்கம் யாராச்சும் இருக்காங்களா?

பதில்: வேண்டாம்மா, அந்த ரூபாய அப்படியே வச்சிருங்க. பாக்கெட்டுக்குப் பின்னால செடி பேரு போட்டிருக்கான்னு மொதல்ல பாருங்க. பேரே இல்லேன்னா பேச்சே இல்ல, வாங்கக் கூடாது. பாப்பி, லூபின், கார்ன்ஃபிளவர்னு போட்டிருந்தா அதெல்லாம் குளிர் நாட்டுச் செடி, நம்ம சித்திரை வெயிலுக்கும் ஆடிக் காத்துக்கும் தாங்காது.

அதைவிட முக்கியமான விஷயம், பூ மட்டும் இருந்தா பட்டாம்பூச்சி வந்து தேன குடிச்சிட்டுப் போயிரும், தங்காது. அது முட்டை போடுறதுக்கு ஒரு இலை வேணும், அதுவும் ஏதோ ஒரு இலை இல்ல, அதோட புழு திங்குற இலையாத்தான் இருக்கணும். எருக்கஞ்செடி இருந்தா வெந்தய வரியன் வரும், ஆரஞ்சு கலர்ல கருப்பு ஓரம் போட்டு மெதுவா பறக்குமே, அதுதான். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை இருந்தா கருப்பும் மஞ்சளும் கலந்த பெரிய பட்டாம்பூச்சிங்க வரும், அதுங்க புழு சின்னதா இருக்கையில பாத்தா காக்கா எச்சம் மாதிரியே இருக்கும், தட்டி விட்டுறாதீங்க. ஆவாரையும் கொன்றையும் வெளிர் மஞ்சள் பட்டாம்பூச்சிக்கு. ஆமணக்குல ஒரு வகை, ஈஸ்வரமூலிக் கொடியில செவப்பு உடம்புக்காரி ஒருத்தி. இந்த ஈஸ்வரமூலிய சும்மா மருந்துன்னு வாயில போட்டுறக் கூடாது, கிட்னிய கெடுக்குற விஷம் அதுல இருக்கு. எருக்கம்பாலும் கண்ணுல படக் கூடாது, பிள்ளைங்க இருக்குற வீடுன்னா இத மறக்காதீங்க.

தேனுக்கு தும்பை, துளசி, இட்லிப்பூ, முருங்கை, ஒத்தைச் செம்பருத்தி போதும். அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு ரோஜா வாங்காதீங்க, அதுல மகரந்தம் இருக்க வேண்டிய எடமெல்லாம் இதழா மாறிப் போச்சு, பாக்க நல்லாருக்கும், தேனீக்கு ஒண்ணும் கெடைக்காது. உன்னிச்செடிய கலர் கலரா தொட்டியில வச்சு விப்பாங்க, பட்டாம்பூச்சி மொய்க்கும்தான், ஆனா பறவை அந்தப் பழத்த தின்னுட்டுப் போயி மேற்குத் தொடர்ச்சி மலை காட்டையெல்லாம் உன்னியா ஆக்கி வச்சிருக்கு. மலைக்கு இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு நாம அத நடுறது சரியில்லம்மா.

யார்ட்ட கேக்குறதுன்னு கேட்டீங்க. பணம் குடுத்து எந்த கோர்ஸும் சேர வேண்டாம். 'பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா'ன்னு ஒரு வெப்சைட் இருக்கு, ஒவ்வொரு பட்டாம்பூச்சிக்கும் அது புழு திங்குற செடி எதுன்னு போட்டிருக்கும், இலவசம். ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல நீங்க எடுத்த போட்டோவ போட்டா அது என்ன பூச்சி, என்ன செடின்னு தெரிஞ்சவங்க சொல்லுவாங்க. தமிழ்லயே வேணும்னா வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட அக்ரிடெக் தளத்துல தேனீ வளர்ப்பு பத்தி நெறைய இருக்கு. நேர்ல போகணும்னா தூத்துக்குடி ரோட்டுல வல்லநாடு கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி இருக்கே, அங்க பூச்சியியல் துறையில கேளுங்க. மணிமுத்தாறுல ஏட்ரீங்குற சூழலியல் ஆய்வு நிறுவனம் நடத்துற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் இருக்கு, தாமிரபரணி குளத்துப் பறவைகள கணக்கெடுக்குறவங்க அவங்கதான், நம்ம மண்ணுச் செடி எதுன்னு அவங்கள்ட்ட கேட்டா தெரியும். மூலிகைச் செடின்னா பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி உங்களுக்கு நடக்குற தூரம், விசாரிச்சுப் பாருங்க.

ஆனா இதுக்கெல்லாம் முன்னால ஒரு வேலை இருக்கு. உங்க தெருவுல, பக்கத்துக் காலி மனையில, வாய்க்கா ஓரத்துல என்ன பறக்குதுன்னு கொஞ்ச நாள் போட்டோ எடுங்க. உங்க தெருவுல ஏற்கனவே பறக்குற பட்டாம்பூச்சிதான் உங்க தோட்டத்துக்கு வரும், இல்லாதத பாக்கெட் வாங்கிக் கூப்பிட முடியாது. அந்த லிஸ்ட்ட கையில வச்சுக்கிட்டு அப்புறமா செடி வாங்கப் போங்க. நடுறது புரட்டாசி கடைசி இல்லேன்னா ஐப்பசி, மழை பாத்துக்கிடும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): நர்சரியில எலுமிச்சங்கன்னு வாங்கி வச்சேன் அண்ணாச்சி. பட்டாம்பூச்சி முட்டை போட்டுச்சு, ஆனா புழு எல்லாம் செத்துச் செத்து விழுது. மருந்துக் கடையில கேட்டா பச்சை முக்கோணம் போட்ட மருந்து தேனீய ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லுதாங்க. நெசமா?

பதில்: இல்ல தம்பி. டப்பாவுல இருக்குற அந்த முக்கோணத்துக்கும் தேனீக்கும் சம்பந்தமே கிடையாது. செவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு நாலு கலர் இருக்கும், எலி மாதிரி பிராணிக்கு குடுத்துப் பாத்து எவ்வளவுல சாகுதோ அத வச்சு போடுறது. செவப்பு ரொம்பக் கொடுமை, பச்சை கம்மி. அது மனுசனுக்கு எம்புட்டு ஆபத்துன்னு காட்டுறதுக்கு. பச்சை போட்டிருந்தாலும் பூச்சிய அடிச்சுக் கொல்லத்தானே அந்த மருந்தே, தேனீயும் பூச்சிதானே. கடைக்காரருக்கும் இது தெரியாம இருக்கலாம், சண்டைக்குப் போகாம எடுத்துச் சொல்லுங்க.

உங்க கன்னுக்கு வந்தது வேற விஷயமா இருக்கும்னு நெனைக்கேன். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம்னு மருந்து இருக்கு, வேருல ஊத்துனா செடி உறிஞ்சி இலை, பூ, மகரந்தம், தேன்னு எல்லா எடத்துக்கும் கொண்டு போயிரும். மேல தண்ணி ஊத்திக் கழுவுனாலும் போகாது, உள்ள இருக்கு. தொட்டிச் செடியில மாசக்கணக்குல நிக்கும். ஐரோப்பாவுல தேனீக்காகவே 2018ல இத தோட்டம், வயல்ல போடக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க, இங்க கடையில தாராளமா கெடைக்கு.

அதனால நர்சரியில விலை கேக்குறதுக்கு முன்னால இதக் கேளுங்க: இந்தக் கன்னு நீங்களே போட்டதா, வெளிய இருந்து வந்ததா, கடைசியா என்ன மருந்து வச்சீங்க. நம்ம ஊர் நர்சரிக்கு வர்ற அழகுச் செடியில நெறைய ஆந்திராவுல ராஜமுந்திரி பக்கத்து கடியத்துல இருந்து லாரியில வர்றதுதான், அதுக்கு அங்க என்ன வச்சாங்கன்னு இவருக்கே தெரியாது. தெரியலன்னு சொன்னா அத வாங்காம, அவர் விதை போட்டு எழுப்புன சின்னக் கன்னா பாத்து வாங்குங்க, விலையும் கம்மி. கறிவேப்பிலைக்கு நர்சரி பக்கமே போகாதீங்க, பக்கத்து வீட்டு ஆச்சிட்ட கேட்டா மரத்தடியில இருக்குற வேர்க்கன்னு ஒண்ண தோண்டித் தருவாங்க. ரோஸ் கலர், செவப்பு கலர்ல சாயம் ஏத்துன விதை வந்தா அதுவும் மருந்து கலந்ததுதான், பட்டாம்பூச்சிக்கு நடுறதுக்கு அது ஆகாது.

வேப்பெண்ணெய் அடிக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. புழு வளரணும்னு நெனைக்குற செடியில அதுவும் வேண்டாம். அசுவுணி வந்தா தண்ணிய வேகமா பீச்சி விடுங்க, போதும்.

கேள்வி (கடையம்): தட்டட்டியில, அதான் மொட்டை மாடியில, கத்திரியும் பூசணியும் போட்டுருக்கேன். பூ நெறையா, காய் இல்ல. தேனீப்பெட்டி ஒண்ணு வாங்கி வச்சா சரியாயிருமா?

பதில்: பெட்டி வாங்குறது இதுக்கு மருந்து இல்லீங்க. கத்திரிப்பூவுல மகரந்தம் ஒரு சின்ன ஓட்டை வழியாத்தான் உதிரும், பூவ புடிச்சுக்கிட்டு ரீங்காரம் போட்டு உலுக்குனாத்தான் கொட்டும். அத நல்லாச் செய்யிறது பெரிய கருவண்டு மாதிரி இருக்குற தச்சுத் தேனீயும், வயித்துல நீலப் பட்டை போட்ட தேனீயும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. தச்சுத் தேனீக்கு மூங்கிலும் காஞ்ச மரமும்தான் வீடு, நாலு காஞ்ச மூங்கில கணு ஒரு பக்கம் அடைச்சு இருக்குற மாதிரி வெட்டி மழை படாத எடத்துல கட்டித் தொங்க விடுங்க. பூசணிப்பூ விடியக்காலம் விரிஞ்சு வெயிலேற சுருங்கிரும், அந்த நேரத்துல ஆண்பூவ பறிச்சு பெண்பூவுல தடவிருங்க, அன்னைக்கே வேலை முடிஞ்சிரும்.

தேன் எடுக்க ஆசைப்பட்டு பெட்டி வாங்குறீங்கன்னா அது தனி. அப்பவும் பயிற்சிக்குப் போயிட்டு வந்து வாங்குங்க. மார்த்தாண்டம் பக்கம் தலைமுறையா பெட்டி வச்சிருக்காங்க, ரப்பர் தோட்டம்தான் அவங்களுக்குத் தேனு. வாங்கையில காலிப் பெட்டிக்கு ஒரு விலை, தேனீயோட ஒரு விலை சொல்லுவாங்க, மூடியத் திறந்து காட்டச் சொல்லுங்க, ராணி இருக்கா, அறையில முட்டையும் புழுவும் இருக்கான்னு பாக்காம காசு குடுக்காதீங்க. 1990களோட தொடக்கத்துல தாய் சாக்புரூட்னு ஒரு வைரஸ் வந்து தெக்க அடுக்குத் தேனீ கூட்டம் கூட்டமா செத்துச்சு, அதனால புழு சாக்கு மாதிரி ஊதிச் செத்துக் கெடந்தா அந்தப் பெட்டி பக்கமே போகக் கூடாது. ஸ்டாண்டு காலுக்கு அடியில தண்ணிக் கிண்ணம் வைக்கணும், எறும்பு விடாது. கொட்டுறதுக்கு பயம்னா கொசுத்தேனீ கேட்டுப் பாருங்க, தேன் கொஞ்சூண்டுதான், ஆனா கொட்டாது.

கேள்வி (வள்ளியூர்): ஆன்லைன்ல நாட்டுச்செடி விதைன்னு வாங்குனேன், ஒண்ணுகூட முளைக்கல. கடைக்காரர் போனே எடுக்க மாட்டேங்காரு.

பதில்: அதுல ஆவாரை, கொன்றை இருந்துச்சுன்னா கொஞ்சம் பொறுங்க, அதுக்கு தோல் கல்லு மாதிரி, சுடுதண்ணியில ஊற வச்சோ தோல லேசா உரசியோ போடணும். மிச்ச விதையில பத்த எடுத்து ஈரத்துணியில சுத்தி வச்சுப் பாருங்க. அப்பவும் இல்லேன்னா போட்டோ எடுத்து வச்சுக்கோங்க. பாக்கெட்ட தூரப் போட்டுறாதீங்க, லாட் நம்பர், சோதிச்ச தேதி, காலாவதித் தேதி போட்டிருந்தா அதுலதான் இருக்கும். விக்கிற தளத்துல புகார் அதிகாரின்னு ஒருத்தர் பேரு போட்டிருக்கணும், அவருக்கு எழுதுங்க. 2020 இ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்துல புகார் வந்துச்சுன்னு பதில் சொல்லி, ஒரு மாசத்துல தீர்த்து வைக்கணும். செய்யலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடிங்க, தமிழ்லயே பேசலாம். அதுக்கும் அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, பொருளுக்குக் குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா பீஸ் கிடையாது, பிரச்சனை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருசத்துக்குள்ள போடணும்.

கேள்வி (திசையன்விளை): எங்க வீடு தேரி மண்ணு, செக்கச் செவேல்னு மணலா இருக்கும். வாசல் முழுக்க சிமெண்ட் போட்டுட்டு தொட்டியில செடி வைக்கலாம்னு இருக்கோம், கூடவே 'தேனீ வீடு'ன்னு ஆன்லைன்ல விக்கிற மரப்பெட்டி ஒண்ணும் வாங்கலாமா?

பதில்: தேரி மண்ணுல எருக்கு, ஆவாரை, கிலுகிலுப்பை எல்லாம் தண்ணி ஊத்தாமலே நிக்கும், தொட்டி எதுக்கு? தேனீ இனத்துல பத்துக்கு ஏழு மண்ணுக்குள்ளதான் வளை தோண்டி முட்டை போடுது, அதுக்கு மரப்பெட்டி உதவாது, வெறும் மண்ணுதான் வேணும். வெயில் படுற ஒரு மூலையில, தண்ணி தேங்காத மேட்டுல, ஒரு கட்டில் அளவுக்கு எடத்த கொத்தாம, மூடாம விட்டுருங்க. கொத்தனார் வர்றதுக்கு முன்னாலயே அந்த எடத்துக்கு கயிறு கட்டி வச்சிருங்க.