சிகரெட் சுவரொட்டியில் சிப்பாய்

அன்புள்ள ஐயா,

நண்பர் ஒருவர் பழைய விளம்பரச் சுவரொட்டிகளின் பிரதிகளைச் சேர்க்கிறார். சமீபத்தில் ஜப்பானிய சிகரெட் விளம்பரங்களைக் காட்டினார். கொடி, போர்க்கப்பல், சிப்பாய். உயிரைக் கொடுத்தவர்களை வைத்துக் கம்பெனிக்காரன் காசு பார்த்திருக்கிறானே என்று எனக்குக் கோபம் வந்தது. வியாபாரி அப்படித்தான் என்கிறார் நண்பர். உங்கள் கருத்து?

வாசகர், ஈரோடு

அன்புள்ள வாசகருக்கு,

கோபம் சரிதான், ஆள்தான் மாறிவிட்டது. 1904-க்குப் பிந்தைய அந்தப் போர்க்கால ஜப்பானிய சிகரெட் என்றால் அதில் கம்பெனிக்காரனே கிடையாது. விற்றது அரசாங்கம்.

அதற்கு முன் வியாபாரிகள் இருந்தார்கள், அதுவும் எப்பேர்ப்பட்டவர்கள்! டோக்கியோவின் கின்சாவில் இவாயா மட்சுஹெய் கடை முழுக்கச் சிவப்பு அடித்து, தானும் சிவப்பு உடுத்தி, உள்நாட்டுச் சரக்கு என்று சொல்லி விற்றார். தான் கட்டும் வரியையே விளம்பரத்தில் போட்டுப் பெருமையடித்துக்கொண்டவர். கியோட்டோவின் முராய் கிச்சிபெய் அமெரிக்க இலையும் ‘சன்ரைஸ்’, ‘ஹீரோ’ என்ற ஆங்கிலப் பெயர்களும் மேல்நாட்டுப் பாணி வண்ண அச்சுமாக எதிரில் நின்றார். 1904-ல் ரஷ்யாவோடு போர். போருக்குப் பணம் வேண்டும். புகையிலை இலையை 1898-லேயே தன் கைக்குள் கொண்டுவந்திருந்த அரசு, இப்போது உற்பத்தியையும் எடுத்துக்கொண்டது. இருவர் கடையும் காலி.

அந்த ஆண்டே அரசு நான்கு சிகரெட்டுகளை இறக்கியது: சிகிஷிமா, யமாடோ, அசாஹி, யமாசகுரா. பாதி நீளம் வெறும் காகிதக் குழல். அதை விரலால் நசுக்கிவிட்டு வாயில் வைப்பார்கள். நான்கு பெயரும் மோட்டோரி நோரினாகா என்ற 18-ஆம் நூற்றாண்டு அறிஞரின் குறும்பாட்டில் இருப்பவை. ஜப்பானிய உள்ளம் எது என்று கேட்டால், காலை வெயிலில் ஒளிரும் மலைச் செர்ரிப் பூ என்கிறது பாட்டு. அதில் வாளும் இல்லை, ரத்தமும் இல்லை. பாட்டில் வரும் வரிசையிலேயே விலையும் இறங்கியது. முதலில் வரும் சிகிஷிமா உசத்தி, கடைசியில் வரும் யமாசகுரா மலிவு. யாரோ ஒரு குமாஸ்தா ரசித்துச் செய்த வேலை என்று நினைத்துக்கொள்வேன்.

இனி நாற்பது வருடம் தள்ளி வாருங்கள். 1944 அக்டோபர், பிலிப்பைன்ஸ். விமானத்தோடு எதிரிக் கப்பலில் மோதிச் சாக ஜப்பானியக் கடற்படை முதன்முதலாக அமைத்த பிரிவுகளின் பெயர்கள்: சிகிஷிமா, யமாடோ, அசாஹி, யமாசகுரா. சிகரெட்டைப் பார்த்து வைத்ததல்ல, அதே பாட்டிலிருந்து எடுத்ததுதான். ஆனால் அந்தப் பையன்களின் அப்பாமார் ஊதித் தள்ளியவை சிகிஷிமாவும் அசாஹியும். நீங்கள் சொன்னதற்கு நேர்மாறு: சிகரெட் முந்தி, சிப்பாய் பிந்தி. இரண்டுக்கும் பெயர் வைத்தது ஒரே அரசு.

‘கோல்டன் பேட்’ கதை இன்னும் பச்சை. 1906-ல் வந்த மலிவு சிகரெட், பெட்டியில் வௌவால். 1940-ல் ஆங்கிலப் பெயர்களைத் துரத்தியபோது அது ‘கின்ஷி’ ஆனது. புராணத்தில் ஜிம்மு பேரரசரின் வில் நுனியில் வந்து உட்கார்ந்து எதிரியின் கண்ணைக் கூசவைத்த பொன்னிறப் பருந்து அது. 1890 முதல் அதன் பெயரில் ராணுவப் பதக்கமும் இருந்தது. போர்முனையில் பதக்கம், பெட்டிக்கடையில் சிகரெட். பேரரசரின் கொடையாகச் சிப்பாய்களுக்குத் தரப்பட்ட சிகரெட்டில் அரச குடும்பத்தின் செவ்வந்திப்பூ முத்திரையே இருந்தது. அந்தக் கொடைச் சிகரெட் வழக்கம் 2006 வரை நீடித்தது.

போரில் தோற்றபின், 1946 ஜனவரியில், சிகரெட் விற்ற அதே அரசுத் துறை புதிய சிகரெட் விட்டது. பெயர் ‘பீஸ்’. ஆம், ஆங்கிலத்தில், சமாதானம்! 1952-ல் அமெரிக்க வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி அதற்கு ஆலிவ் இலை கவ்விய புறாவை வரைந்து கொடுத்தார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

நண்பரிடம் ஒன்று கேளுங்கள். சுவரொட்டியின் ஓரத்தில் அரசின் ஏகபோக விற்பனைத் துறையின் பெயர், மூன்று சித்திர எழுத்துகளில், இருக்கிறதா? இருந்தால் வியாபாரியை விட்டுவிடுங்கள். முராய் காலத்து ஒன்று அவரிடம் இருந்தால், அச்சின் அழகுக்காகவே எனக்கும் ஒரு பிரதி வேண்டும்.