ரேவா ஆற்றில் அராபைமா: ராடு வாங்கும் முன் கை பழகட்டும்

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கிறேன். வயது 43, இந்தியப் பாஸ்போர்ட். சின்ன வயதில் கல்லணைக் கால்வாயில் தூண்டில் போட்டுப் பழகியவன். இங்கே கடலிலும், தாய்லாந்து போகும்போது கட்டணக் குளங்களிலும் மீன் பிடிக்கிறேன். அப்படி ஒரு குளத்தில் ஒரு பெரிய அராபைமாவையும் பிடித்துவிட்டேன். அந்த மீனை அதன் சொந்தக் காட்டு ஆற்றில், ஃப்ளை தூண்டிலில் (இறகும் நூலும் கட்டிய பொய் இரையை வீசும் முறையில்), வழிகாட்டியோடு போய்ப் பிடிக்க ஆசை. பலரும் தென் அமெரிக்காவில் கயானாவைச் சொல்கிறார்கள். ஃப்ளை ராடை, அதாவது அதற்கான தூண்டில் கம்பை, இதுவரை தொட்டதில்லை. இரண்டு மாதத்தில் கிளம்பலாமா? என்னென்ன வாங்க வேண்டும்? மனைவியையும் 12 வயது மகளையும் அழைத்துப் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் இரண்டு மாதத்தில் வேண்டாம். ஆறு மாதமாவது தள்ளிப் போடுங்கள். அந்த ஆறு மாதத்தில் முதல் வேலை, ஒரு சாதாரண ஃப்ளை ராடை எடுத்துக்கொண்டு வாரம் மூன்று நாள் புல்வெளியில் நின்று வீசிப் பழகுவது. விலை உயர்ந்த சாமான்களைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், காட்டு ஆறு வரை போய்ச் சேர்ந்து, வழிகாட்டி மீனைக் காட்டி, வீசத் தெரியாமல் திரும்பியவர்கள் நிறைய. நானும் முதல் பயணத்தில் அப்படித்தான் திரும்பினேன்.

முதலில் அந்த இடத்தைப் பற்றி. கயானாவின் தென்பகுதியில் ருபுனுனி ஆறும் ரேவா ஆறும் கூடும் இடத்தில் ரேவா என்ற சிறு கிராமம் இருக்கிறது. பெரும்பாலும் மக்குஷி பழங்குடி மக்கள். அங்கே வரும் விருந்தினருக்கான விடுதியை நடத்துவது அந்தக் கிராமமே. உங்கள் படகை ஓட்டுபவரும் உங்களுக்கு மீன் காட்டுபவரும் அந்த ஊர்க்காரர்களே. ஒரு காலத்தில் அந்தப் பகுதி மக்கள் அராபைமாவை அம்பாலும் ஈட்டியாலும் வேட்டையாடி விற்றார்கள். மீன் வேகமாகக் குறைந்தது. 2000-களின் தொடக்கத்தில் பிரேசிலின் மமிராவா பகுதி மீனவர்களிடமிருந்து மீன்களை எண்ணிக் கணக்கெடுக்கும் முறையைக் கற்றுக்கொண்டு, வடக்கு ருபுனுனி கிராமங்கள் தாங்களே மீனைக் காக்கத் தொடங்கின.

அந்த எண்ணும் முறையைத் தெரிந்துகொண்டால் உங்கள் மீன்பிடிப்பே பாதி புரிந்துவிடும். அராபைமாவுக்குக் காற்று வேண்டும். அதன் காற்றுப்பையே நுரையீரல்போல் வேலை செய்கிறது. தண்ணீரில் உள்ள பிராணவாயு மட்டும் போதாது. வளர்ந்த மீன் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுத்தான் கீழே போக முடியும். பழகிய கண்ணும் காதும் உள்ளவர் குளக்கரையில் உட்கார்ந்து, எழும் சத்தத்தையும் சுழியையும் வைத்தே இது முன்பு எழுந்த மீனா, வேறு மீனா, எவ்வளவு பெரியது என்று பிரித்து எண்ணிவிடுவார். உங்களை அழைத்துப் போகும் வழிகாட்டியின் மூலதனமும் இதுதான். நீங்கள் பணம் கொடுப்பது இந்தக் கண்ணுக்கு.

தாய்லாந்துக் குளத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். அங்கே இரையைப் போட்டுவிட்டுக் காத்திருந்தீர்கள். மீன் வந்து எடுத்தது. ரேவாவில், ஆறு பழைய தடத்தை விட்டு விலகியதால் உண்டான வளைந்த குளங்களில் படகு மெதுவாக நகரும். மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது. திடீரென்று நாற்பது அடி தள்ளி ஒரு முதுகு தெரியும், "பொளக்" என்று ஒரு சத்தம். வழிகாட்டி திசையைச் சொல்வார். அந்த மீன் எந்தப் பக்கம் தலையைத் திருப்பிக் கீழே போனது என்று பார்த்து, சில நொடிகளுக்குள் அதன் முன்னால் ஃப்ளை விழ வேண்டும். தவறினால் அடுத்த மூச்சுக்கு அது எங்கே எழும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே தூரம் முக்கியமல்ல, வேகமும் திசையும்தான் முக்கியம். நாற்பது ஐம்பது அடி போதும். ஆனால் தலைக்கு மேல் இரண்டு வீச்சுக்குள் லைனை, அதாவது தூண்டில் கயிற்றை, அனுப்பத் தெரிய வேண்டும். நீங்கள் பழகிய தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ கனம் தரும், நரம்பு அதன் பின்னால் ஓடும். ஃப்ளை தூண்டிலில் அது தலைகீழ். இறகும் நூலும் கட்டிய ஃப்ளைக்குக் கனமே கிடையாது, லைன்தான் கனம். ராடிலும் லைனிலும் போட்டிருக்கும் எண் இந்தக் கனத்தையே குறிக்கிறது. 8-ஆம் எண் லைனின் முதல் 30 அடி 210 கிரெய்ன், அதாவது சுமார் 13.6 கிராம். அராபைமாவுக்கு வேண்டிய 12-ஆம் எண் லைனில் அதே 30 அடி 380 கிரெய்ன், கிட்டத்தட்ட 25 கிராம். காய்ந்த கோழி இறகுபோல் காற்றில் தடுக்கும் பெரிய ஃப்ளையை இந்தக் கனம்தான் இழுத்துப் போக வேண்டும். பழக்கமில்லாத தோள் அரை மணியில் சோர்ந்துவிடும்.

பழகும்போது 8-ஆம் எண்ணில் தொடங்குங்கள். முள்ளை வெட்டிவிட்ட ஃப்ளை ஒன்றையோ ஒரு கொத்துக் கம்பளி நூலையோ கட்டி, புல்வெளியில் ஒரு வாளியைக் குறிவைத்து வீசுங்கள். நின்றுகொண்டு சரியாக வந்ததும், ஒரு தாழ்ந்த ஸ்டூல்மேல் உட்கார்ந்து பழகுங்கள், ஏனென்றால் சிறு படகில் எப்போதும் எழுந்து நிற்க முடியாது. இடக்கையால் லைனை இழுத்து வேகம் கூட்டும் முறையை ஒரு பயிற்சியாளரிடம் இரண்டு வகுப்பிலாவது கற்றுக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்து அது சரியாக வருவதில்லை. பிறகு 12-ஆம் எண்ணுக்கு மாறுங்கள்.

இதைவிடக் கடினமானது பழைய பழக்கத்தை மறப்பது. மீன் கடித்ததும் ராடை வெடுக்கென்று மேலே தூக்குவது நம் எல்லோர் கையிலும் ஊறிய வழக்கம். அராபைமா எலும்பு நாக்கு மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. வாய்க்குள் எங்கு பார்த்தாலும் எலும்பு. அதன் நாக்கை அமேசான் பகுதி மக்கள் துருவியாகவே பயன்படுத்தினார்கள் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். வளையும் ராடை உயர்த்தினால் அந்த எலும்பில் முள் ஏறாது. ராடு நுனி மீனையே பார்த்திருக்க, இடக்கையால் லைனைப் பின்னுக்கு நேராக, முழு பலத்தோடு இழுக்க வேண்டும். ஒருமுறை இழுத்து நிறுத்தாமல் இரண்டு மூன்று முறை இழுங்கள். என் முதல் பயணத்தில் மூன்றாம் நாள் மாலை, வாழ்க்கையில் கண்ட மிகப் பெரிய மீன் என் ஃப்ளையை வாங்கியது. நான் ராடைத் தூக்கினேன். முள் வெறுமனே திரும்பி வந்தது. வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் அடுத்த வாய்ப்பு வரவேயில்லை. வீட்டில் மகளை லைனின் மறுமுனையைப் பிடித்து இழுக்கச் சொல்லிப் பழகுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் கைக்குப் புத்தி வரும்.

சரி, சாமான்கள். ஒன்பது அடி, 12-ஆம் எண், நான்கு துண்டாகக் கழலும் ராடு. சிறு விமானத்தில் நீளக் குழாய்களை ஏற்ற மாட்டார்கள், எடைக்கும் கறாரான வரம்பு உண்டு. வலுவான பிரேக் உள்ள ரீல். லைன் வாங்கும்போது வெப்பமண்டலத்துக்கென்று செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். குளிர்நாட்டு ஆறுகளுக்குச் செய்த லைன் அந்த வெயிலில் நூடுல்ஸ்போல் தொய்ந்துவிடும். மிதக்கும் லைன் ஒன்று, மெதுவாக அமிழும் லைன் ஒன்று போதும். முனையில் கட்ட 80 முதல் 100 பவுண்டு தாங்கும் கனத்த தங்கூசி. ஃப்ளைகளை நிறைய வாங்கிக் குவிக்க வேண்டாம், அந்தந்தப் பருவத்தில் எது எடுபடுகிறது என்று விடுதியிடம் கேட்டு ஒரு டஜன் கட்டிக்கொள்ளுங்கள். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள்.

கூடவே அந்த 8-ஆம் எண் ராடையும் எடுத்துப் போங்கள். அராபைமா கிடைக்காத நாளில் ஆற்றிலேயே லுக்கனானி கிடைக்கும். மற்ற நாடுகளில் பீக்காக் பாஸ் என்று சொல்லும் மீனுக்கு அங்கே அதுதான் பெயர். அழகான மீன், ஆவேசமாக அடிக்கும். கூரிய பல் உள்ள பிரானா, பாயாரா மீன்கள் தங்கூசியை நறுக்கிவிடும் என்பதால் முனையில் கட்டச் சிறு கம்பித் துண்டுகள் (லீடர்கள்) வேண்டும். போலரைஸ்டு கண்ணாடியை எந்த நேரமும் கழற்றாதீர்கள். தண்ணீருக்குள் பார்ப்பதற்கு மட்டுமில்லை, பெரிய முள் காற்றில் பறக்கும்போது கண்ணைக் காப்பதும் அதுதான்.

பருவத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். மே முதல் ஆகஸ்ட் வரை அங்கே பெருமழை. ருபுனுனிப் புல்வெளி கடல்போல் ஆகி, எஸ்ஸெக்கிபோ ஆற்றுப் படுகையும் அமேசான் படுகையும் வெள்ளத்தால் ஒன்று சேர்ந்துவிடும். மீன்கள் காட்டுக்குள் பரவிப் போய்விடும். அதுவே அவை குஞ்சு பொரித்துக் காக்கும் காலமும்கூட. ஆண் மீன் தன் தலைக்கு மேலேயே குஞ்சுக் கூட்டத்தை வைத்துக்கொண்டு திரியும். அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. நல்ல வழிகாட்டி, குஞ்சுகளோடு இருக்கும் மீனைக் காட்டவே மாட்டார். நீர் வடிந்து குளங்கள் தனித்தனியாகும் அக்டோபர், நவம்பர் நல்லது. ஜனவரி கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரையும் நல்லது. நீங்கள் ஆறு மாதம் பழகி இதில் ஒன்றைப் பிடியுங்கள்.

பயணம் நீளமானது. தலைநகர் ஜார்ஜ்டவுனுக்கு நியூயார்க், மயாமி அல்லது பனாமா வழியாகப் போகலாம். இந்தியப் பாஸ்போர்ட்டில் அமெரிக்கா வழியாக மாறிச் செல்லவும் விசா வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஜார்ஜ்டவுனிலிருந்து ஓகிள் விமான நிலையத்தில் சிறு விமானம் ஏறி அன்னாய், அங்கிருந்து ருபுனுனி ஆற்றில் சில மணி நேரம் படகு. இணைப்புகள் தவறும், மழை குறுக்கிடும். ஆகவே இரண்டு பக்கமும் ஜார்ஜ்டவுனில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். அந்த நாள் வீணாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதராஸ் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள் அந்தக் கடலோரத்தில் இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். மொழி போய்விட்டது, தெய்வம் இருக்கிறது. கயானாவின் ஆட்சிமொழி ஆங்கிலம் என்பதால் பேச்சுக்கும் சிரமமில்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கயானா மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடு என்பதால், திரும்பும்போது சிங்கப்பூரிலும் கேட்பார்கள். அங்கிருந்து நேராக ஊருக்குப் போனால் இந்தியாவிலும் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாதவர்களை இந்திய விமான நிலையத்தில் தனிமைப்படுத்தி வைப்பது நிஜமாகவே நடக்கிறது. உள்நாட்டுப் பகுதியில் மலேரியாவும் உண்டு. எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதைப் பயண மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

முன்பதிவு செய்யும்போது சில விஷயங்களை நேராகக் கேட்டுவிடுங்கள். அராபைமா பிடிக்க அனுமதி யார் பெயரில் இருக்கிறது? பிடித்து விடுவதற்குக்கூட அங்கே அனுமதி வேண்டும். நான் கட்டும் பணத்தில் கிராமத்துக்கு எவ்வளவு போகிறது? ஒரு படகில் எத்தனை ராடு? என்னைக் கேட்டால் இரண்டுக்கு மேல் கூடாது. சாட்டிலைட் போன் இருக்கிறதா? ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் எந்த ஓடுதளத்துக்கு, எவ்வளவு நேரத்தில் கொண்டு போவார்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்துக்குக் குடும்பத்தோடு போகாதீர்கள். ஹெலிகாப்டர் அல்லது விமானத்தில் வெளியேற்றும் செலவைத் தாங்கும் பயணக் காப்பீடும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீன் கிடைத்தபின் செய்ய வேண்டியதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். படமெடுக்கும் ஆசையில் அதைத் தூக்காதீர்கள். உடலின் கனம் முழுவதும் தண்ணீரில் மிதந்தே வளர்ந்த மீன் அது. தூக்கினால் உள்ளுறுப்புகள் நசுங்கும். போராடிக் களைத்த அராபைமா மேலே வந்து மூச்சு வாங்க முடியாவிட்டால் தண்ணீரிலேயே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். வழிகாட்டிகள் இறங்கி, ஆழமில்லாத இடத்தில் அதன் தலை மேலே வரும்படி தாங்கிப் பிடித்து, அது காற்றை விழுங்கும்வரை காத்திருப்பார்கள். அதற்குப் பிறகுதான் விடுவார்கள். அவர்கள் இறங்கச் சொன்னால் மட்டும் நீங்கள் இறங்குங்கள். அதே குளங்களில் கருங்கெய்மன் முதலைகளும், அடிமணலில் திருக்கைகளும் உண்டு. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தின் சாலக்குடி ஆற்றில் பண்ணைகளிலிருந்து தப்பிய அராபைமாக்கள் தென்பட்ட செய்தியை நீங்கள் படித்திருக்கலாம். நம் ஆற்றில் அது இருக்கவே கூடாத மீன். அங்கே அது மண்ணின் மீன். ஒவ்வொன்றையும் ஊரே எண்ணி வைத்திருக்கிறது.

மனைவியும் மகளும் கட்டாயம் வரலாம். ஆனால் அராபைமாவுக்குப் போகும் படகில் மூன்று பேரும் நாள் முழுக்க உட்கார வேண்டாம். அசைவும் பேச்சும் மீனைக் கலைக்கும், 12 வயதுப் பிள்ளைக்கு ஆறு மணி நேரம் சும்மா இருப்பது தண்டனை. அவர்களுக்குத் தனிப் படகும் தனி வழிகாட்டியும் இப்போதே கேட்டு வையுங்கள். ராட்சத நீர்நாய்க் குடும்பங்களும், மரத்தோடு மரமாகப் பதுங்கிய பறவைகளும் பார்க்க அந்த ஆற்றைப்போல் இடம் கிடைப்பது அரிது. மாலையில் மகளுக்கு 8-ஆம் எண் ராடைக் கொடுத்து, வழிகாட்டியிடம் லுக்கனானி காட்டச் சொல்லுங்கள். ஆறு மாதம் உங்களோடு புல்வெளியில் லைன் பிடித்து இழுத்தவள் என்றால், ராடைத் தூக்கக் கூடாது என்பது அவளுக்கு உங்களைவிட நன்றாக நினைவிருக்கும். அவளுக்கும் தடுப்பூசிச் சான்றிதழ் தனியாக வேண்டும். மூன்றையும் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள்.