கோப்புகளும் ஆப்களும் தானாகவே டி டிரைவில் சேமிக்க என்ன செய்வது?

மதுரையில் டிடிபி கடை நடத்துகிறீர்கள். கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ் டிசைன் எல்லாம் சி டிரைவிலேயே போய் நிரம்புகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், அட்வான்ஸ்டு ஸ்டோரேஜ் செட்டிங்ஸ் என்று போங்கள். புதிய கோப்புகள் எங்கே சேரவேண்டும் என்ற பக்கத்தில் ஆப், டாக்குமென்ட், படம் ஒவ்வொன்றுக்கும் டி-யைத் தேர்ந்தெடுத்து, மறக்காமல் அப்ளை அழுத்துங்கள்.

இது இனிமேல் வருபவற்றுக்கு மட்டும்தான். பழையவை நகராது. அவற்றை நகர்த்த, முதலில் டி-யில் 'ஆவணங்கள்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். பிறகு டாக்குமென்ட்ஸ் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். அந்த ஃபோல்டரைக் காட்டி, கேட்கும்போது 'யெஸ்' கொடுங்கள். ஃபோல்டர் இல்லாமல் வெறும் டி டிரைவையே காட்டிவிடாதீர்கள். முழு டிரைவும் டாக்குமென்ட்ஸ் ஆகிவிடும். பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பு) பேக்கப் ஓடினால் முதலில் அதை நிறுத்துங்கள், இல்லையென்றால் இடம் மாற்ற விடாது.

செட்டிங்ஸில் ஆப்களுக்கு டி-யைத் தேர்ந்தெடுத்தது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் ஆப்களுக்கு மட்டுமே. ஃபோட்டோஷாப், கோரல்டிரா போன்றவற்றுக்கு இன்ஸ்டால் செய்யும்போதே இடம் குறிக்கவேண்டும். குரோம் டவுன்லோடுக்கும் அதன் செட்டிங்ஸில் தனியாக மாற்றுங்கள். வாடிக்கையாளரின் வாட்ஸ்அப் படங்கள் குவிவது பெரும்பாலும் அங்கேதான்.