விடுதி மாணவருக்கு ஓட்டு எங்கே?

கேள்வி: கலைக் கல்லூரி ஒன்றில் நாட்டு நலப்பணித் திட்டத்தைக் கவனிக்கிறேன். புதிய வாக்காளர் சேர்ப்பு முகாம் நடத்தினோம். மாணவர்கள் நிரப்பிக் கொடுத்த படிவம் 6-களைக் கட்டாகக் கொண்டுபோனேன், வாங்க மறுத்துவிட்டார்கள். பாதிப் பேர் வெளியூர், விடுதியில் இருப்பவர்கள். சிலரிடம் சொந்த ஊரில் எடுத்த அட்டை ஏற்கெனவே இருக்கிறது. இவர்களை எப்படிச் சேர்ப்பது?

பதில்: முதலில் அந்தக் கட்டு. வாங்க மறுத்தவர் மேல் கோபப்படாதீர்கள். ஒரே வீட்டில் இருப்பவர்களின் படிவங்களை அவர்களில் ஒருவர் சேர்த்துக் கொடுக்கலாம், மற்றபடி யாரோ ஒருவர் மொத்தமாகக் கொண்டுவரும் விண்ணப்பங்களை ஏற்பதில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. இல்லாத ஆட்களின் பெயர்களைக் கத்தை கத்தையாகப் பட்டியலில் நுழைப்பதைத் தடுக்கத்தான் இது. உங்கள் நல்லெண்ணமும் அதில் மாட்டிக்கொண்டது. அடுத்த முகாமில் மாணவர்கள் அவரவர் செல்போனிலேயே, ஆணையத்தின் வாக்காளர் சேவைத் தளத்திலோ செயலியிலோ விண்ணப்பிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று உதவினால் போதும். இல்லாவிட்டால் அந்தப் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலரையே கல்லூரிக்கு அழைத்து, மாணவர்கள் கையிலிருந்து அவர் நேராக வாங்கிக்கொள்ளும்படி செய்யுங்கள். யாரை அழைப்பது என்று தெரியாவிட்டால் 1950-க்கு போன் செய்தால் சொல்வார்கள்.

சரி, முகவரி விஷயத்துக்கு வருவோம். முகாம்களில் படிவத்தைக் கையில் திணித்துவிடுகிறார்களே தவிர, எந்த ஊர் என்று முடிவு பண்ணினாயா என்று யாரும் கேட்பதில்லை. சட்டப்படி விடுதி மாணவர் பெற்றோர் வீட்டு முகவரியிலும் சேரலாம், விடுதி முகவரியிலும் சேரலாம், ஆனால் இரண்டில் ஒன்றுதான். விடுதி முகவரி என்றால் படிப்பு அங்கீகாரம் பெற்றதாக, குறைந்தது ஓராண்டுக் காலம் உள்ளதாக இருக்க வேண்டும். மாணவர்களுக்குத் தபால் ஓட்டு கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம், பெயர் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் வாக்களிக்க வேண்டும்.

என் யோசனை இதுதான். இறுதியாண்டு மாணவர் என்றால் பேசாமல் வீட்டு முகவரியில் சேரச் சொல்லுங்கள். சில மாதங்களில் விடுதியைக் காலி செய்யப் போகிறவருக்கு அங்கே ஓட்டு எதற்கு, மறுபடி மாற்ற அலைய வேண்டும். முதலாண்டு, இரண்டாமாண்டு மாணவர், வீடு வெகுதூரம், தேர்தல் நாளில் பஸ் பிடித்துப் போய்வருவது நடக்காத காரியம் என்றால் விடுதி முகவரியே மேல். போக முடிகிறவர்கள் ஊரிலேயே வைத்துக்கொள்ளட்டும், அங்கே வேட்பாளரையும் தெரியும், தண்ணீர் வருகிறதா இல்லையா என்றும் தெரியும்.

அடுத்து, ஏற்கெனவே அட்டை இருப்பவர்கள். அவர்கள் படிவம் 6-ஐத் தொடக் கூடாது. அது பட்டியலில் பெயரே இல்லாதவர்களுக்கானது, வேறெங்கும் பெயர் இல்லை என்று அதிலேயே உறுதிமொழி இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-இன் 31-ஆவது பிரிவுப்படி, பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். தெரியாமல் இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர். இடம் மாற்ற படிவம் 8 போதும், அட்டை எண் மாறாது. அதற்கும் முன்னால் பெயர் பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் இறந்தவர், இடம் மாறியவர், வீட்டில் ஆளில்லாதவர் என்ற கணக்குகளில் நீக்கப்பட்ட பெயர்கள் லட்சக்கணக்கில். அட்டை பர்ஸில் பத்திரமாக இருக்கும், பட்டியலில் பெயர் இருக்காது. அப்படி ஆனவர்களுக்குத்தான் மறுபடியும் படிவம் 6.

விடுதி முகவரி என்று முடிவானவர்களிடம் அந்த முகவரிக்கு மின் கட்டண ரசீதோ வங்கிப் புத்தகமோ இருக்காது. அதற்குப் பதிலாகத்தான் கல்லூரி முதல்வரின் போனஃபைடு சான்றிதழ். முகாமுக்கு முன்பே அதை அச்சடித்துக் கையெழுத்து வாங்கி வைப்பது உங்கள் வேலை. இன்னொன்று, இதைப் பலரும் யோசிப்பதே இல்லை: விண்ணப்பம் போன பிறகு அலுவலர் நேரில் விசாரிக்க விடுதிக்கு வருவார். வாசலில் காவலாளி, ‘அந்தப் பேர்ல யாருன்னு தெரியலையே சார்’ என்று சொல்லிவிட்டால் விண்ணப்பம் அங்கேயே தொங்கிவிடும். பெயர், அறை எண்ணோடு ஒரு தாளை வார்டனிடமும் காவலாளியிடமும் கொடுத்து வையுங்கள். அட்டை தபாலில் வரும்போதும் அந்தத் தாள்தான் உதவும்.

படிவத்தில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை, பெயரைத் தவிர. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுபோலவே எழுதட்டும், குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் இனிஷியல் போடலாம். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ததும் பக்கத்தில் தமிழில் தானாக ஒரு பெயர் வந்து விழும், அதைப் படிக்காமல் அடுத்த பக்கம் போகக் கூடாது. ழகரம் உள்ள பெயர்கள் அங்கே படும் பாடு சொல்லி மாளாது, அப்புறம் திருத்தத்துக்கு இன்னொரு படிவம் 8. வீட்டு முகவரியில் சேருகிறவர் அப்பா அல்லது அம்மாவின் வாக்காளர் அட்டை எண்ணைக் கேட்டு எழுதிவிட்டால் குடும்பம் முழுக்கப் பட்டியலின் ஒரே பாகத்தில் வர வசதி. சமர்ப்பித்ததும் வரும் குறிப்பு எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க அதுதான் வழி.

வயதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதலாண்டு வகுப்பில் இந்தக் குழப்பம் கட்டாயம் வரும். முன்பு ஜனவரி 1 ஒன்றுதான் கணக்கு. 2022 ஆகஸ்ட் முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள். ஜூன் 20-இல் 18 முடிகிறவர் ஜூலை 1 கணக்கில் வந்துவிடுவார், அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம். 17 முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம், 18 ஆகி அந்தத் தகுதி நாள் வரும்போது பெயர் சேரும்.

தேர்தல் அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். வேட்புமனுவுக்கான கடைசி நேரம் முடிந்துவிட்டால் பட்டியலில் யாரையும் சேர்க்க முடியாது, ஆட்சேபணைக்கு ஏழு நாள் விட வேண்டும் என்பதால் விண்ணப்பம் அதற்குச் சுமார் பத்து நாள் முன்பாவது போயிருக்க வேண்டும். முகாமை ஜூலையில், புது மாணவர்கள் வந்து சேர்ந்த கையோடு வைப்பது நல்லது. ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினத்தில் உறுதிமொழி எடுத்து போட்டோ பிடிப்பதெல்லாம் அப்புறம் இருக்கட்டும்.

தேர்தல் நாளுக்கு ஒன்றே ஒன்று. அட்டை வந்து சேரவில்லை என்று யாரும் விடுதியிலேயே உட்கார்ந்துவிட வேண்டாம். பட்டியலில் பெயர் இருந்தால் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்றைக் காட்டி வாக்களிக்கலாம். வீட்டுக்கு வரும் பூத் சிலிப்பை மட்டும் நீட்டினால் விடமாட்டார்கள். ‘உங்க ஓட்டை ஏற்கெனவே போட்டாச்சு’ என்று உள்ளே யாராவது சொன்னாலும் திரும்பி வந்துவிடக் கூடாது. தலைமை அலுவலரிடம் தான்தான் அந்த ஆள் என்று நிரூபித்து, டெண்டர் வாக்கு வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். இயந்திரத்தில் அல்ல, தாள் வாக்குச்சீட்டில் பதிவு செய்து உறையில் தனியாக வைப்பார்கள்.